எழுத்துப் பிழையில் பிறந்த வண்டி

நாய்க்குப் பதிலாக வந்த 'ஸ்கிடூ' தன் பெயரிலிருந்தும் நாயை விரட்டிய கதை

செகந்திராபாத்தின் திருமுல்கேரியில் பனி விழுவதில்லை. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆனாலும் பனியில் ஓடும் வண்டிக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. டாங்கியிலிருந்து ஜீப் வரை ராணுவத்தின் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. படைப்பிரிவினர் இங்கே பயிற்சி பெற்று எல்லைகளுக்குப் போகிறார்கள்.

அவர்களில் சியாச்சினுக்குப் போகிறவர்கள் ஒரு விநோத வாகனத்தைச் சந்திக்கிறார்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் டாங்கிக்கு இருப்பது போல் சுழலும் ரப்பர் பட்டை, பிடித்து ஓட்ட ஸ்கூட்டர் போலக் கைப்பிடி. சக்கரம் கிடையாது. ராணுவத்தில் இதை 'ஸ்னோ ஸ்கூட்டர்' என்கிறார்கள். கனடாவில் கேட்டால் 'ஸ்கிடூ' என்பார்கள்.

பெயர் திரிவது திருமுல்கேரிக்குப் புதிதல்ல. தெலுங்கில் அது திருமலகிரி. ஆங்கிலேயப் பட்டாளத்தின் வாயில் விழுந்து உருமாறி, அந்த உருவிலேயே வரைபடங்களிலும் தபால் முத்திரைகளிலும் ஏறிவிட்டது. ஸ்கிடூவும் அப்படித் திரிந்த பெயர்தான். ஆனால் அங்கே பழி நாக்கின் மேல் அல்ல, அச்சகத்தின் மேல்.

கதை கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வால்கூர் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. 1907இல் பிறந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே சிறு வயதிலிருந்தே இயந்திரப் பித்துக் கொண்டவர். 15 வயதில் பழைய ஃபோர்டு கார் எஞ்சினுடன் விமான விசிறி ஒன்றைப் பொருத்திப் பனியில் வண்டி ஓட்டினார். பயந்துபோன அப்பா அதைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டார்.

1934இல் விளையாட்டு வினையமாயிற்று. அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். ஆனால் சாலைகளைப் பனி மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்தது. பனியில் ஓடும் வண்டியைச் செய்தே தீருவது என்ற வைராக்கியம் பொம்பார்டியேவுக்கு முற்றியது. 1937இல் ரப்பர் பட்டையைச் சுழற்றும் பற்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் உட்காரக்கூடிய அவருடைய 'பி7' வண்டி டாக்டர்களையும் தபாலையும் நோயாளிகளையும் சுமந்தது. 1942இல் கம்பெனி பிறந்தது.

1940களின் இறுதியில் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அகற்றத் தொடங்க, பெரிய வண்டிகளின் வியாபாரம் படுத்தது. பொம்பார்டியேவின் மனம் மீண்டும் சிறிய வண்டிக்குத் திரும்பியது. ஓரிருவர் ஏறிச் செல்லும் அந்த வண்டி 1959இல் விற்பனைக்கு வந்தது. வட பனிப்பிரதேசத்தில் வேட்டைக்காரர்களும் பாதிரியார்களும் நாய்கள் இழுக்கும் வண்டியை நம்பியிருந்த காலம் அது. நாயின் இடத்தைப் பிடிக்கப்போகும் வண்டிக்கு அவர் மனதிலிருந்த பெயர் 'ஸ்கீ-டாக்'. 'ஸ்கீ' என்பது சறுக்குக் கட்டை. பிளந்த மரத்துண்டைக் குறித்த பழைய வடமேற்கு ஐரோப்பியச் சொல் நார்வே வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'டாக்' என்பது நாய்.

விளம்பரத் தாளை அச்சிட்டபோது 'டாக்' என்பதன் கடைசி எழுத்தான 'ஜி'க்குப் பதில் 'ஓ' விழுந்துவிட்டது என்பது பரவலாக வழங்கும் கதை. 'டாக்' 'டூ' ஆயிற்று. பிழையைத் திருத்துவதற்குப் பதிலாக அதையே வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்கக் காதுக்கு இந்த ஓசை ஏற்கெனவே பழக்கமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கொச்சையில் 'ஸ்கிடூ' என்றால் 'இடத்தைக் காலி செய்' என்று பொருள். விழுந்தடித்து ஓடுவதைக் குறிக்கும் 'ஸ்கெடாடில்' என்ற சொல்லின் உறவாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கருத்து. வண்டியின் பெயர் அதிலிருந்து வந்ததல்ல. ஆனால் பொருத்தமாக அமைந்துவிட்டது.

1964இல் பொம்பார்டியே இறந்தார். நம் ஊரில் எந்த வனஸ்பதியும் 'டால்டா' ஆனது போல, பல இடங்களில் எந்தக் கம்பெனியின் பனி வண்டியும் 'ஸ்கிடூ' ஆயிற்று. எஸ்கிமோக்கள் என்று முன்பு அழைக்கப்பட்ட இனூயிட் மக்களின் ஊர்களில் 1960களிலிருந்து இழுவை நாய்கள் குறைந்தன. அண்டார்க்டிகாவின் சூழலைக் காக்க 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தான உடன்பாட்டின்படி, 1994 ஏப்ரலுக்குள் அந்தக் கண்டத்திலிருந்து நாய்கள் அனைத்தும் வெளியேற்றப்பட்டன. நாய் முதலில் பெயரிலிருந்து போனது, பிறகு பனியிலிருந்தே போனது.

தமிழில் இந்த வண்டியை என்ன சொல்வது? மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. 'பனி' என்றால் தமிழனுக்கு மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் துளி. முன்பனியும் பின்பனியும் நம் பருவங்கள். வானிலிருந்து பஞ்சாய் விழுவதும் பனி, சாலையை மறைக்கும் மூட்டமும் பனி. 'பனி ஊர்தி' என்றால் படிப்பவர் மனதில் வண்டி எந்தப் பனியில் ஓடும்? 'பனிச்சறுக்கு வண்டி' என்றால் எஞ்சின் இல்லாத சறுக்குப் பலகையும் அதில் அடங்கிவிடும். 'உறைபனி வண்டி' ஓரளவு தெளிவு, ஆனால் நாவில் ஏற வேண்டும். சிப்பாய்கள் இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. தெரியாததைத் தெரிந்ததன் பெயரால் 'ஸ்கூட்டர்' என்று அழைத்து வேலையைப் பார்க்கிறார்கள்.

அந்த வேலைதான் முக்கியம். 1984 ஏப்ரலில் இந்திய ராணுவம் சியாச்சினில் ஏறிய நாளிலிருந்து அங்கே துப்பாக்கியைவிடக் குளிரும் பனிச்சரிவும் பெரிய எதிரிகள். வானிலை கெட்டால் ஹெலிகாப்டர் பறக்காது. அப்போது விரல்கள் கருகியவரையும் மூச்சு முட்டியவரையும் கீழே கொண்டுவர, கைகொடுக்கும் வழிகளில் ஒன்று இந்த ஸ்கூட்டரின் பின்னால் கட்டிய சறுக்குப் பலகை. வால்கூரில் ஒரு தகப்பன் தவித்தபோது கிடைக்காத வண்டி அது. அதன் எஞ்சின் உடனே கிளம்ப வேண்டும். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, எஞ்சினில் இருக்கக்கூடாது.