காஷினோசாக்கி முனையில்

ஜப்பானின் கீ தீபகற்பத் தென்கோடியில், குஷிமோட்டோ நகரையடுத்துக் கீ ஓஷிமா என்னும் சிறு தீவு உளது. 1999-இல் பாலம் அமைந்தபின் படகின்றியே செல்லலாம். அதன் கீழ்முனையே காஷினோசாக்கி. நாம் சென்ற மாலையில் கடுங்காற்று. தொப்பியைக் கையில் பிடித்தவாறே நடந்தோம்.

கலங்கரை விளக்கம் உயரமானதன்று. ஸ்காட்லாந்துப் பொறியாளர் பிரண்டன் எழுப்பிய இக்கற்கட்டடம் 1870 முதல் ஒளி வீசுகிறது. வெளிப்புறச் சுழற்படிகளில் ஏறி நோக்கினால் எங்கும் பசிபிக் பெருங்கடல். கரையோரம் அலைகளுக்கிடையே கூரிய பாறைகள். காட்சி அழகியதே. ஆயினும் அப்பாறைகளை அழகென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1890 செப்டம்பர் 16 இரவு, பேரரசர் மெய்ஜியைக் கண்டு தாயகம் திரும்பிய துருக்கியரின் 'எர்துருல்' போர்க்கப்பல் புயலில் சிக்கி, அவற்றில் மோதி உடைந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கப்பலைக் காக்க அதனால் இயலவில்லை. கரையொதுங்கியோரோ அவ்வொளியை நோக்கியே செங்குத்துப் பாறையில் ஏறினர். மொழியறியா அவ்வந்நியரை ஊரார் தம் உடற்சூட்டால் குளிர் நீக்கிக் காத்தனர். தமக்கே உணவு அரிதாயிருந்த நாளில், வளர்த்த கோழிகளையும் அறுத்துப் படைத்தனராம்! பிழைத்தோர் 69 பேர். ஜப்பானியப் போர்க்கப்பல்கள் இரண்டு அவர்களை இஸ்தான்புல் சேர்ப்பித்தன.

துருக்கியர் இதனை மறந்திலர். 1985-இல், ஈரான்–ஈராக் போரில் டெஹ்ரானில் சிக்கித் தவித்த ஜப்பானியர் 215 பேரைத் துருக்கி விமானங்களே மீட்டு வந்தன.

நினைவுத் தூணருகே நின்று, மாண்ட அவ்விசுலாமிய மாலுமிகளுக்காகச் சற்றே செபித்தோம். திரும்புகையில் இருள் கவிந்தது; விளக்கும் ஏற்றப்பட்டிருந்தது.