இடமறிந்து படைத்த இலை

நாம் உண்ணும் ஒவ்வொரு பருக்கையும், எங்கோ ஓர் இலை வெயிலையும் நீரையும் காற்றையும் கூட்டிச் சமைத்ததுதான். எல்லா இலைக்கும் தொழில் ஒன்றே. ஆனால் அந்தத் தொழிலுக்கு இறைவன் ஒரே அச்சில் இலை வார்க்கவில்லை. அதன் காரணம் தெரிய ஆனைமலைத் தொடரின் அடிவாரத்திலிருந்து உச்சிவரை மரங்களைப் பார்த்துக்கொண்டே போனால் போதும்.

மலையின் கிழக்கே, மழைமறைவுப் பகுதியில் வெள்வேல மரங்கள் நிற்கின்றன. அவற்றின் சிற்றிலைகள் சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். எந்த இலையின் மேலும் அசையாத காற்று ஒரு மெல்லிய போர்வையாய்ப் படிந்திருக்கும். இலை அகலமானால் போர்வை தடித்து வெப்பம் உள்ளே சிக்கிவிடும். அதைத் தணிக்க இலை நீரை ஆவியாக்க வேண்டும். தண்ணீர் இல்லாத காட்டில் அது கட்டுப்படியாகுமா? சிற்றிலையின் போர்வையோ மிக மெலிது. வீசும் காற்றே சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும்.

டாப்சிலிப் பக்கம் போனால் தேக்கு. ஒரே இலை ஒரு முழம் நீளும். மழைக்காலத்தில் அகல விரித்துச் சம்பாதித்துவிட்டு, வறட்சி வரும்போது இலையிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளில் பெரும்பகுதியை மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு வெறும் சருகைத்தான் உதிர்க்கிறது. வேலமரம் செலவைச் சுருக்கிப் பஞ்சத்தைத் தாண்டுகிறது. தேக்கு கடையையே மூடிவைத்துத் தாண்டுகிறது.

வால்பாறையைச் சுற்றியுள்ள மழைக்காட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, வெளிச்சத்துக்குத்தான் பஞ்சம். இங்கே பல மரங்களின் இலைநுனி வாலாய் நீண்டு, தேங்கும் மழைநீரைச் சட்டென்று வடித்துவிடுகிறது. சிங்கவால் குரங்குகள் பழம் தேடிவரும் வெடிப்பலாவின் இலையைப் புரட்டிப் பாருங்கள்: மேலே பளபளக்கும் பச்சை, கீழே வெள்ளியும் செம்பும் கலந்தாற்போல் நுண்செதில்கள். காட்டு மரம் ஒன்றின் உச்சிக்கிளை இலையையும் அடிக்கிளை இலையையும் சேர்த்து வைத்தால் வேறு வேறு மரத்தவை என்றே தோன்றும். வெயிலில் காயும் உச்சி இலை சிறுத்துத் தடித்திருக்கும். நிழலில் கிடப்பது அகன்று மெலிந்து, கசியும் ஒளியையும் விடாமல் ஏந்தும். இரண்டும் ஒரே விதையிலிருந்து வந்தவை!

உச்சியில், புல்வெளிகளுக்கு நடுவே சோலைக்காடுகள். இங்கே காட்டுப் பூவரசின் இலை மீண்டும் சிறுத்து, தோல்போலத் தடித்து, அடியில் ரோமம் போர்த்தியிருக்கும். அடிவாரத்தில் இலையைச் சுருக்கியது பகல் வெயில். இங்கே இரவுக் குளிருக்கும் அதில் பங்குண்டு. தெளிந்த வானத்தின் கீழ் அகன்ற இலை தன் சூட்டை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து உறைபனிக்கு ஆளாகும். உலகெங்கும் 7,670 தாவர இனங்களின் இலையளவை ஆராய்ந்து 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வும், இலையின் அளவுக்கு வரம்பு கட்டுவதில் பகல் வெப்பத்தோடு இரவுக் குளிருக்கும் பெரும்பங்கு உண்டு என்றே காட்டியது.

அளவு மட்டுமல்ல, இலையின் ஆயுளும் கணக்கில் அடங்கியதுதான். 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, 175 இடங்களைச் சேர்ந்த 2,548 இனங்களை ஒப்பிட்டது. குறைந்த முதலில் உருவான மெல்லிய இலை வேகமாகச் சம்பாதித்துச் சீக்கிரம் உதிர்கிறது. நிறைய முதல் போட்டுத் தடிமனாய்க் கட்டிய இலை மெதுவாகச் சம்பாதித்து நெடுநாள் வாழ்கிறது. காட்டில் மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்த இடத்தில் கிடுகிடுவென வளரும் வட்டக்கண்ணி முதல் வகைக்குப் பக்கம். சோலை மரங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை.

வேகமும் நீண்ட ஆயுளும் ஒரே இலைக்கு முழுமையாகக் கிடைப்பது அரிது. அதனால் எந்த இலையையும் உயர்ந்தது என்றோ தாழ்ந்தது என்றோ சொல்ல வழியில்லை. தேக்கிலையை வேலங்காட்டில் வைத்தால் கருகும். வேலஞ்சிற்றிலையை மழைக்காட்டு நிழலில் வைத்தால் பட்டினி கிடக்கும். படைத்தவன் எல்லாருக்கும் ஒரே சட்டத்தை வைத்தான். விடையை மட்டும் அந்தந்த மண்ணும் மழையும் பார்த்து எழுதவிட்டான். சட்டத்தை அறியும் ஒவ்வொரு ஆய்வும் அவன் கைத்திறத்தின் மேல் நமக்குள்ள வியப்பைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது.