மலையேற்றத்தில் அணையும் எஞ்சின்: ஆயில் பிரஷர் சொல்லும் சேதி

காரவல்லி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேரும்போது உயரம் ஆயிரம் மீட்டரைத் தொட்டிருக்கும். மிளகும் வாழையும் பலாவும் மரவள்ளிக்கிழங்கும் விளையும் இந்த மலை, பழைய டீசல் எஞ்சினுக்குக் கடுமையான பரீட்சை. ராசிபுரம் வரை ஒரு குறையும் காட்டாமல் வந்த லாரியில், பாதி மலையில் ஆயில் பிரஷர் விளக்கு எரியும். பிரஷர் குறைந்தால் தானாக நிறுத்தும் கருவி இருக்கும் வண்டி என்றால், எஞ்சினே அணைந்துவிடும்.

இந்தக் கருவி ஜெனரேட்டர்களிலும், போர்வெல் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு வட்டாரத்தில் பார்க்கும் பெரிய கம்ப்ரசர் எஞ்சின்களிலும் சகஜம். அடிக்கடி அணைகிறதே என்று அதன் ஒயரைக் கழற்றி நேரடியாக இணைத்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. கிராங்க் ஷாஃப்டையே பணயம் வைக்கும் வேலை அது.

ஆயில் பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை. எண்ணெயை ஓடத்தான் வைக்கிறது. அந்த ஓட்டத்துக்குப் பேரிங்குகளின் குறுகிய இடைவெளி தரும் தடைதான் கேஜில் பிரஷராகத் தெரிகிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் சீறுமே, அதே கதைதான். பேரிங் தேய்ந்து இடைவெளி பெருத்தால், பம்ப் நன்றாக இருந்தும் பிரஷர் இறங்கும்.

கிராங்கை உலோகத்தில் உரசாமல் தாங்குவதும் கேஜ் காட்டும் பிரஷர் அல்ல. 1883இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்தபோது, பேரிங்கில் போட்ட துளையை அடைத்த தக்கையை எண்ணெய் வெளியே தள்ளியது. அங்கே கேஜ் பொருத்தினார். பேரிங் தாங்கிய சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. கேஜோ 200ஐயும் தாண்டியது. சுழலும் தண்டு தானே எண்ணெயை இழுத்துச் சென்று ஆப்புபோல் இடுக்கில் திணித்து, தன்னைத் தூக்கிக்கொள்கிறது என்பதை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதத்தால் விளக்கினார். பம்பின் வேலை, அந்தப் படலத்துக்கு எண்ணெய் வற்றாமல் பார்த்துக்கொள்வது. வரத்து நின்றால் சில நொடிகளிலேயே பேரிங் உருகத் தொடங்கலாம்.

மலையில் ஏன் இந்தக் குறை வெளிப்படுகிறது? தாழ்ந்த கியரில் முழுச் சுமையோடு ஏறும்போது எஞ்சின் கடுமையாகச் சூடாகிறது. 15டபிள்யூ-40 எண்ணெயின் பிசுபிசுப்பு, 100 டிகிரியில், 40 டிகிரி செல்சியஸில் இருப்பதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். ஏறி முடித்து, மலைமேல் உள்ள சோளக்காட்டில் வண்டியை ஐட்லிங்கில் விடும்போது எண்ணெயும் இளகியிருக்கிறது, பம்பும் மெதுவாகச் சுற்றுகிறது. தேய்ந்த எஞ்சின் அகப்படும் நேரம் அதுதான். இன்னொன்று, சரிவில் சம்ப்பிலுள்ள எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு குறைந்திருந்தால் ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சும். கேஜ் முள் நடுங்கும்.

நோயறியும் முறை ஒரு கேள்வியில் தொடங்குகிறது: விளக்கு முதலில் எரிந்ததா, எஞ்சின் முதலில் அணைந்ததா? எஞ்சின் எதனால் நின்றாலும் பிரஷர் இறங்கி விளக்கு எரியும். டீசல் ஃபில்டர் அடைத்தோ, காற்றுப் புகுந்தோ நின்ற வண்டியை ஆயில் கோளாறு என்று பிரித்துப்போட்டால் பணம்தான் வீண். கேஜ் முள் அசையாமல் இருக்க, மேடுபள்ளத்தில் குலுங்கியதும் அணைந்தால் ஒயரையும் டெர்மினலையும் பாருங்கள். மின்சாரம் இருக்கும்வரை மட்டும் டீசலைத் திறந்துவைக்கும் சொலினாய்டு என்றால், ஒரு தளர்ந்த இணைப்பே எஞ்சினை நிறுத்தப் போதும்.

அடுத்து டிப் ஸ்டிக். அளவு குறைந்தால் கசிவா, எரிகிறதா என்று தேட வேண்டும். அளவு ஏறியிருந்தால் அது இன்னும் மோசம்: டீசல் வாடை அடித்தால் நாசிலோ ஃபீட் பம்போ கசிந்து எண்ணெயை நீர்க்கச் செய்கிறது, பால்போல் வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது.

மூன்றாவது, சோதனைக் கேஜ். டாஷ்போர்டு கேஜையும் ஆயில் பிரஷர் ஸ்விட்சையும் நம்பாமல், எஞ்சினின் பிரதான எண்ணெய்த் தடத்தில் மெக்கானிக்கல் கேஜை நேரடியாகப் பொருத்தி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கிலும் ரேஸ் செய்தும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் கையேடு தரும் அளவே இறுதியானது. கையேடு இல்லாத இடத்தில் பட்டறைகளின் பொதுக் கணக்கு, நிமிடத்துக்கு ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 10 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. இந்தக் கேஜ் சரியான அளவு காட்டினால் ஸ்விட்ச்தான் குற்றவாளி. மாற்றச் செலவு குறைவு. குளிரில் நன்றாக இருந்து சூட்டில் மட்டும் இறங்கினால் பேரிங் தேய்மானத்தையோ நீர்த்த எண்ணெயையோ சந்தேகிக்கலாம். எப்போதுமே குறைவு என்றால் ரிலீஃப் வால்வில் அழுக்கு சிக்கியிருக்கலாம், ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். பழைய ஃபில்டரை அறுத்து உள்ளே பாருங்கள். செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடிப்படை உலோகம் தேய்கிறது என்று பொருள்.

ஓடும் லாரிக்குத் தானியங்கி நிறுத்தம் பொருத்தமா என்பதையும் யோசிக்க வேண்டும். வளைவில் எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் கனக்கும். பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசரும் நின்றுபோகும். நின்ற இடத்தில் ஓடும் ஜெனரேட்டருக்கு நிறுத்தக் கருவி நல்லது. மலையேறும் லாரிக்கு ஓட்டுநரின் காதில் விழும் பஸ்ஸரும் கண்ணில் படும் விளக்கும் மேல். அவை எச்சரித்ததும் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட வேண்டும். கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையிலிருந்து எடுத்துப் போடவும் மறக்கக் கூடாது.

ஸ்விட்ச் பழுதாக இருக்கலாம்; பேரிங்கும் பழுதாக இருக்கலாம். இரண்டில் எது என்பதை ஒரு சோதனைக் கேஜ் அரை மணி நேரத்தில் சொல்லிவிடும். ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் அதைப் பொருத்திப் பார்க்கும்வரை ஒயரைக் கழற்ற வேண்டாம்.