லினக்ஸ் ஒண்ணு, பொட்டலம் ரெண்டு!

லினக்ஸ் இலவசம்னு நமக்குத் தெரியும். ஆனா ஒரு லினக்ஸுக்குச் செஞ்ச மென்பொருள் இன்னொரு லினக்ஸில் ஏறாமப் போகலாம், தெரியுமா?

நம்ம பாகூரைத் தாண்டினா கடலூர். அங்கே என் மாமா பையனுக்குக் கிடைச்ச தமிழ்நாடு அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அந்தத் திட்டம் 2011-ல் தொடங்கியது. பாஸ், சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்டது. டெபியன் வழி வந்தது. அதே காலத்தில் அரசின் எல்காட் நிறுவனம் எடுத்ததோ சூசே லினக்ஸ். டெபியனுக்கு 'டெப்' பொட்டலம், சூசேவுக்கு 'ஆர்பிஎம்' பொட்டலம். ஒரே மாநிலத்துக்கு மென்பொருள் விற்க வந்த கம்பெனி ரெண்டு பொட்டலம் கட்ட வேண்டியிருந்தது!

பொட்டலம் மட்டும்னா பரவாயில்லை, 'ஏலியன்' என்ற கருவி மாத்திக் கொடுத்துடும். உள்ளே இருக்கிற சிக்கல்தான் பெருசு. பெரும்பாலான மென்பொருள் தனியா ஓடாது. 'ஜிலிப்சி' மாதிரி லைப்ரரிகளைக் கூப்பிட்டுத்தான் வேலை வாங்கும். புது ஜிலிப்சியை நம்பிக் கட்டினது பழசுல பெரும்பாலும் ஓடாது. அதனால பல கம்பெனிகள் ஒண்ணு ரெண்டு லினக்ஸோட நிறுத்திக்கும். மத்தவங்க பாடு திண்டாட்டம்தான்.

இதுக்காகவே 2001-ல் 'லினக்ஸ் ஸ்டாண்டர்டு பேஸ்' என்ற பொது விதி வந்தது. இன்னின்ன லைப்ரரி எல்லா லினக்ஸிலும் இருக்கணும் என்றது. நல்ல யோசனை! ஆனா பொட்டலத்துக்கு ஆர்பிஎம்மை எடுத்தாங்க. அதை நம்பி மென்பொருள் கட்டின கம்பெனிகளும் கொஞ்சம்தான். 2015-ல் டெபியன் அந்த விதியில் பெரும்பகுதியைக் கைவிட்டது.

இப்போ பிளாட்பேக், ஆப்இமேஜ் என்று வந்திருக்கு. ஊருக்குப் போறப்போ கட்டுச்சோறு கட்டிக்கிறோமே, அது மாதிரி வேண்டிய லைப்ரரிகளையும் சேர்த்தே கொண்டுவரும். கம்பெனிக்கு ஒரு பொட்டலம் போதும். டிஸ்கில் இடம்தான் கூடுதலா அடைக்கும்.