துருப்பிடித்த சக்கரமும் சூடான வளையமும்

கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணை நீர் பாயும் வயல்களில் டிராக்டர் சேடை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பின்சக்கரம் சேற்றில் புதைந்து புதைந்து சுழலும். இப்படிப் பல ஆண்டுகள் உழைத்த வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்தால் தொல்லைதான். நட்டுகளை எல்லாம் எடுத்த பிறகும் சக்கரம் அசையாது.

காரணம் துரு. அமெரிக்காவில் 1939-இல் வெளிவந்த ஃபார்மால் எம் போன்ற பழைய வண்டிகளில், சக்கரத்தின் குடம் அச்சுத்தண்டின் மீதே நேராக ஏறியிருக்கும். இரண்டுக்கும் இடையே தலைமுடி நுழையும் இடைவெளிகூட இராது. ஆனால் நீர் நுழைந்துவிடும். இரும்பு துருவாகும்போது முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கும். விரிய இடமில்லாத துரு, ஆப்பு வைத்ததுபோல் குடத்தை இறுக்கிவிடுகிறது.

சம்மட்டியால் அடிக்கலாமே என்பீர்கள். அடித்தால் தண்டின் முனை நசுங்கிக் காளானைப்போல் விரியும். உள்ளே பேரிங்கும் கெடும். சம்மட்டியை விடத் தீ மேல்.

இங்கே ஒரு கேள்வி. நடுவில் துளையுள்ள இரும்பைச் சூடாக்கினால் துளை பெரிதாகுமா, சிறிதாகுமா? என் வகுப்பில் கேட்டால் பாதிப்பேர் "சிறிதாகும்" என்பார்கள். இரும்பு உட்புறமாகவும் வீங்கும் என்பது அவர்கள் எண்ணம். வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, நேராக நீட்டியதாக நினையுங்கள். சூடாக்கினால் அந்தப் பட்டை நீளும். நீண்ட பட்டையை மறுபடி வளைத்தால் பெரிய வளையம்தானே வரும்? நம் ஊர்க் கொல்லர்கள் இதை எப்போதோ அறிந்தவர்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மரத்தைக் கவ்வும். டிராக்டரில் அதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறோம்.

கணக்கும் எளிது. இரும்பு ஒரு டிகிரி செல்சியசுக்குத் தன் நீளத்தில் 0.000012 பங்கு விரியும். தண்டின் விட்டம் 75 மில்லிமீட்டர் என்போம். குடம் தண்டைவிட 150 டிகிரி அதிகம் சூடானால், துளை 0.135 மில்லிமீட்டர் அகலும். அற்பமாகத் தோன்றும்; துருவின் பிடியைத் தளர்த்த அது பெரும்பாலும் போதும். ஆனால் குடத்தை விரைவாகச் சுடவேண்டும். நிதானமாகச் சுட்டால் வெப்பம் தண்டுக்கும் பரவி, இரண்டும் சேர்ந்தே விரியும்.

இப்போது ஓர் எச்சரிக்கை. டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தில் தீயைக் காட்டவே கூடாது. காற்றைத் திறந்துவிட்டால் போதும் என்பதும் தவறு. சூடேறிய ரப்பர் எரியும் வாயுக்களை வெளிவிடும். அவை உள்ளே தீப்பற்றினால் டயர் குண்டுபோல் வெடிக்கும். இதனால் உயிரிழந்தவர்கள் உண்டு. டயரைக் கழற்றிய பிறகே தீ. வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல், கனமான மரக்கட்டைகளையும் அடுக்க வேண்டும்.

சூட்டோடு இழுக்கப் புல்லர் வேண்டும். அதன் திருகு ஒரு சுற்றுக்கு 2.5 மில்லிமீட்டர் நகர்கிறது; 45 சென்டிமீட்டர் நீளமுள்ள பிடியில் நம் கையோ ஏறக்குறைய 283 சென்டிமீட்டர் சுற்றி வருகிறது. அதாவது 1,130 மடங்கு. உராய்வு பத்தில் ஒன்பது பங்கை விழுங்கினாலும், கையால் 20 கிலோ விசை கொடுத்தால் 2 டன்னுக்கு மேல் கிடைக்கும்.

திருகை இறுக்கிவிட்டுக் குடத்தைச் சுடுகிறார் மெக்கானிக். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. திடீரென்று "டப்" என்று ஓர் ஓசை. துருப்பொடி கொட்ட, குடம் ஒரு விரற்கடை முன்னே வந்து நிற்கும்.