டீக்கடைக்கும் உண்டு, நாட்டுக் கணக்கில் இடம்!

அரியலூர் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். மண்ணுக்கு மேலே சிமெண்டு ஆலைகள். இந்த மாதம் எத்தனை மூட்டை சிமெண்டு தயாரானது? எண்ணினால் தெரிந்துவிடும். நாட்டின் சிமெண்டு உற்பத்திக் குறியீட்டு எண்ணை மத்திய அரசு மாதந்தோறும் வெளியிடுகிறது.

ஆனால், அந்த மூட்டையை ஏற்றிச் செல்லும் லாரி? டிரைவர் டீ குடிக்கும் பெரம்பலூர் கடை? முடிதிருத்தும் நிலையம்? இவை "சேவைத் துறை"யைச் சேர்ந்தவை. இந்தியப் பொருளாதாரத்தில் பாதிக்கு மேல் இந்தத் துறைதான்!

சேவையை மூட்டை கட்ட முடியாது. பிறகு எப்படி அளப்பது?

கூடியதா? குறைந்ததா?

ஒரு வழி, நேரில் கேட்பது. "போன மாதத்தைவிட வேலை கூடியதா, குறைந்ததா?" என்று 100 பேரைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். 40 பேர் "கூடியது" என்கிறார்கள். 30 பேர் "அப்படியே இருக்கிறது" என்கிறார்கள். மீதி 30 பேர் "குறைந்தது" என்கிறார்கள். கூடியது 40. அப்படியே என்றவர்களில் பாதி 15. மொத்தம் 55. இதுவே குறியீட்டு எண். 50-க்கு மேல் என்றால் வளர்ச்சி. கீழே என்றால் தளர்ச்சி.

இந்தியாவில் சுமார் 400 சேவை நிறுவனங்களிடம் மாதந்தோறும் இப்படிக் கேட்கிறார்கள். ஊரடங்கு காலமான 2020 ஏப்ரலில் அந்த எண் 5.4-க்கு விழுந்தது!

எடை முக்கியம்

பல தொழில்களைச் சேர்த்து ஒரே எண்ணாக்குவது இன்னொரு வழி. லாரித் தொழில் 10 சதவீதம் கூடியது. டீக்கடை 10 சதவீதம் குறைந்தது. இரண்டும் சரிக்குச் சரியா? இல்லை. லாரித் தொழில் மூன்று பங்கு, டீக்கடை ஒரு பங்கு என்றால், மொத்தத்தில் 5 சதவீத வளர்ச்சி.

விலை ஏற்றமும் கணக்கை மயக்கும். 10 ரூபாய் டீ 12 ரூபாய் ஆனது. விற்றது அதே 100 டீ. கல்லாவில் 200 ரூபாய் கூடும், வியாபாரம் கூடவில்லை! அதனால் விலை ஏற்றத்தைக் கழித்துவிட்டே கணக்குப் போடுகிறார்கள்.

பயம் வேண்டாம்

400 நிறுவனங்களில் நாட்டின் சின்னக் கடைகள் எல்லாம் அடங்கிவிடுமா? அடங்காது. அதற்காகவே மத்திய அரசு சிறு தொழில்களைத் தனியாகக் கணக்கெடுக்கிறது. கேள்வித்தாளுடன் வருபவரைக் கண்டதும், "வரி போட வந்திருக்கிறார்" என்று சிலர் வருமானத்தைக் குறைத்துச் சொல்லுகிறார்கள். 2008-ம் ஆண்டுச் சட்டப்படி, அந்த விவரம் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படும்.

அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பிறகு உண்மையைச் சொல்லுங்கள். கணக்கில் வராத கடையின் கஷ்டம், யார் கண்ணிலும் படாது!