கவிஞர் இல்லமும் நினைவுத் தகடும்

இலண்டன் மாநகரிலே, பெரியோர் வாழ்ந்த இல்லங்களின் முகப்பிற் பதிக்கப்பெற்ற நீலநிற வட்டத் தகடுகளைக் காணலாம். 1867ஆம் ஆண்டில் இச்சிறப்பினை முதன்முதற் பெற்றது கவிஞர் பைரன் பிறந்த மனையாகும். 1889இல் அம்மனை இடிக்கப்பட்டது. தகடு பெற்றமையால் வீடு நிலைத்துவிடும் என்பதற்கில்லை.

எனினும், எவ்வில்லத்திற் பதிப்பது என்பது சிறிய வினாவன்று. அந்நகரின் பிற்ஸ்றோய் வீதி 23ஆம் இலக்க இல்லத்தில் ஐரிசுக் கவிஞர் யேற்ஸ் இளமையில் வாழ்ந்தார். 1957இல் அங்கே அவருக்குத் தகடு அமைந்தது. 1962இன் பிற்பகுதியில் வாடகைக்கு வீடு தேடித் திரிந்த அமெரிக்கப் பெண்பாற் புலவர் சில்வியா பிளாத் அத்தகட்டைக் கண்டார். யேற்ஸ் வாழ்ந்த மனை என்பதிற் பெரிதும் களிப்புற்றார். மார்கழியில் மக்கள் இருவரோடும் குடிபுகுந்தார். இரு திங்கள் கழிந்து, 1963 பெப்ருவரி 11இல், முப்பது வயதில், அங்கேயே தம்முயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருக்குரிய தகடு 2000ஆம் ஆண்டிற் பதிக்கப்பட்டது. அவ்வில்லத்திலன்று, அயலேயுள்ள சோல்கொற் சதுக்கம் 3ஆம் இலக்க இல்லத்திலே. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அவர் அங்கு வாழ்ந்தார். மகளை ஈன்றதும், முதற் கவிதை நூல் வெளிவரக் கண்டதும், தம் நாவலை எழுதியதும் அங்கிருந்தபோதே. உயிர்நீத்த மனையன்றோ தகும் எனச் சிலர் குறைகூறினர். தகட்டைத் திரைநீக்கிய மகள் பிரீடாவோ, தாயார் அங்கே இறந்தார், இங்கேதான் வாழ்ந்தார் என்று விடையிறுத்தார். அவர் கூற்றே பொருத்தமுடையது; இறப்பைக் குறிக்கக் கல்லறை உண்டன்றோ?

பிற்ஸ்றோய் வீதி இல்லத்தில் யேற்ஸின் தகடு மட்டுமே உள்ளது.